களஞ்சியப் பூச்சிகளும் புதினாத் தைலமும்

வயலில் நிற்கும் பயிருக்கு நேரும் உபத்திரவங்களைக் குடியானவர் கண்ணாரக் காண்கிறார். கண்டவுடன் பரிகாரமும் தேடுகிறார். களத்தை விட்டு வீடு வந்து சேர்ந்த தானியத்தின் கதி அப்படியன்று. குதிரிலும் பத்தாயத்திலும் கொட்டி மூடிய பின்னர், விலை ஏறும் பருவத்திலோ விதைப்புக் காலத்திலோதான் அதைத் திறந்து பார்க்கிறோம். அப்பொழுது உளுந்தும் பாசிப்பயறும் தட்டைப்பயறும் துளை விழுந்து, அள்ளிய கையில் கனமின்றி, மாவும் தூசியுமாக உதிர்வதைக் காணாத வீடு அரிது. ஒரு வருஷத்து உழைப்பு வீட்டிற்குள்ளேயே, பூட்டிய கதவுக்குப் பின்னே, அழிந்துபோகிறது. இந்த நஷ்டத்தைத் தடுப்பதற்குப் புதினாத் தைலம் எம்மட்டில் உதவும், எவ்விடத்தில் உதவாது என்பதைக் குடிகளுக்கு உள்ளபடி தெரிவிப்பதே இவ்வியாசத்தின் நோக்கம். தைலத்தைப் பற்றி மிகைபடப் பேசுவோரும் உண்டு. அறவே இகழ்வோரும் உண்டு. இரு சாராரும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அது பின்னர் விளங்கும்.

பயறு வண்டின் வரலாற்றை முதலில் அறிதல் அவசியம். பழுப்பு நிறமான இச்சிறு வண்டு, காய் முற்றும் தறுவாயில் வயலிலேயே நெற்றின்மேல் முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. ஆகையால் களஞ்சியம் எவ்வளவு சுத்தமாக இருப்பினும் சத்துரு தானியத்தோடு கூடவே வீட்டிற்குள் வருகிறது. வீட்டில் பயற்றின் மேற்றோலில் வெள்ளைப் புள்ளிபோல ஒட்டிக்கொண்டிருப்பவையே அதன் முட்டைகள். முட்டையிலிருந்து வெளிவரும் புழு நேரே பயற்றுக்குள் துளைத்துச் சென்று, பருப்பைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வட்டமான துளையிட்டு வண்டாக வெளியேறுகிறது. வெப்பகாலத்தில் இவ்வளவும் ஏறக்குறைய நான்கு வாரத்தில் முடிந்துவிடும். வளர்ந்த வண்டு தானியத்தைத் தின்பதில்லை. அது சில நாட்களே உயிர் வாழ்ந்து, பெண் வண்டொன்று எண்பது நூறு முட்டைகள் வரை இட்டு மடிகிறது. நூறில் பாதி பிழைத்து, பிழைத்தவற்றில் பாதி பெண்ணாயின், இரண்டாந் தலைமுறைக்கு இருபத்தைந்து தாய்கள். மூன்றாந் தலைமுறைக்கு அறுநூற்றுக்கு மேல். பங்குனியில் நாலைந்து வண்டுகளோடு வீடு வந்த மூட்டை ஆடியில் என்னவாகும் என்பதைக் கணக்கறிந்தோர் எளிதில் கண்டுகொள்வர்.

நம்முடைய முன்னோர் இதற்குப் பரிகாரம் அறியாதவரல்லர். துவரையைச் செம்மண் கட்டி உலர்த்தி வைத்தல், சாம்பல் கலந்து பானையில் அடைத்தல், வேப்பிலையும் நொச்சித் தழையும் இட்டு வைத்தல், உணவுக்கான பயற்றைக் காலத்தோடு உடைத்துப் பருப்பாக்கிவிடுதல் ஆகிய முறைகளெல்லாம் காரணமுள்ளவையே. உடைத்துத் தோல் நீக்கிய பருப்பில் இவ்வண்டு நன்கு பெருகுவதில்லை என்பது பரீக்ஷைகளாலும் ஸ்தாபிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் முழுப்பயறாகவே வைத்து விற்க வேண்டியவருக்கும், மூட்டைக் கணக்கில் சேமிப்பவருக்கும் இம்முறைகள் போதவில்லை. அத்தகையோர் நாளடைவில் கடையில் கிடைக்கும் மாத்திரைகளை நாடலாயினர்.

இம்மாத்திரைகளைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுமினியம் பாஸ்பைடு என்னும் பொருளாலான மூன்று கிராம் மாத்திரை, காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் ஒரு கிராம் பாஸ்பீன் என்னும் விஷ வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு வண்டை மட்டுமன்று, தாயையும் குழந்தையையும் பேதமின்றிக் கொல்லும். அதன் விஷத்தை முறிக்கத் தனி மருந்து இல்லை. இக்காரணம் பற்றியே இந்திய அரசாங்கம் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் இதன் விற்பனையையும் பிரயோகத்தையும் அரசாங்க ஸ்தாபனங்களுக்கும், பயிற்சி பெற்று அங்கீகாரம் அடைந்தவர்களுக்கும் மாத்திரமே வரையறுத்துள்ளது. பெரிய கிடங்குகளில், தார்ப்பாய் மூடி, எச்சரிக்கைப் பலகை வைத்து, அறிந்தவர் கையாளும்பொழுது அது சிறந்த சாதனமே. குதிர் இருக்கும் அறையிலேயே பாய் விரித்து உறங்கும் குடும்பத்துக்கு அது எமனன்றி வேறில்லை. பெட்டிக்கடையில் ஒன்றிரண்டாக எடுத்து விற்பதை எங்கேனும் கண்டால், கிராம அதிகாரிகள் தாக்ஷிண்யம் பாராது மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

வீட்டிற்குள் வைக்கத்தக்க வேறு பொருள் உண்டா என்னும் வினாவே அறிஞர் கவனத்தை வாசனைத் தைலங்களின்பால் திருப்பியது. அவற்றுள் புதினாத் தைலம் ஒன்று. புதினா ஒரு செடியன்று, ஒரு குடும்பம் என்பதை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். நம் கொல்லையில் துவையலுக்கு வளர்க்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் என்னும் ஜாதியைச் சேர்ந்தது. அதன் தைலத்தில் மிகுதியாயிருப்பது கார்வோன். பெப்பர்மின்ட் ஜாதியில் மெந்தாலும் மெந்தோனும் கலந்துள்ளன. ஜப்பான் புதினா எனப்படும் ஜாதியின் தைலத்தில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு வரை மெந்தாலே உள்ளது. இந்த மூன்றாம் ஜாதி 1950-களில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, இன்று உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி, சம்பல், படாயூன், ராம்பூர் முதலிய ஜில்லாக்களில் உருளைக்கிழங்கிற்கும் நெல்லுக்கும் இடையே மூன்று நான்கு மாதப் பயிராக ஏராளமாய்ச் சாகுபடி செய்யப்படுகிறது. தை மாசியில் வேர்த்தண்டுகளை நட்டு, வைகாசி ஆனியில் அறுத்து, வயலோரத்துக் கொதிகலத்தில் நீராவி செலுத்தித் தைலம் இறக்குகிறார்கள். ஏக்கருக்கு நாற்பது ஐம்பது கிலோ தைலம் சாதாரண மகசூல். உலகத்தில் விற்பனைக்கு வரும் ஜப்பான் புதினாத் தைலத்தில் பெரும்பகுதி இந்நிலங்களிலிருந்தே போகிறது. அதில் மிகுதியும் பற்பசைக்கும் தலைவலித் தைலத்துக்கும் இருமல் மருந்துக்குமே செலவாகிறது. பூச்சி மருந்தாகச் செல்வது சொற்பம்.

இத்தைலம் பூச்சியைக் கொல்லும் விதம் யாதெனில், அது எளிதில் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. பூச்சிகளுக்கு மூக்கில்லை, உடலின் இரு பக்கத்திலுமுள்ள நுண்ணிய துளைகளால் மூச்சுவிடுகின்றன. அத்துளைகளின் வழியே ஆவி உட்சென்று நரம்புகளைத் தாக்குகிறது. ஆக்டோபமைன் என்றொரு பொருள் பூச்சிகளின் நரம்பியக்கத்தில் முக்கிய இடம் பெற்றது. மனிதர் முதலிய முதுகெலும்புள்ள பிராணிகளிடத்தில் அதற்கு அவ்வளவு வேலையில்லை. வாசனைத் தைலங்கள் பல இதன் வேலையைக் குலைப்பதனாலேயே பூச்சிகள் முதலில் துடித்து, பின்னர் செயலற்று மடிகின்றன என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பூச்சிக்குக் கடுமையாகவும் நமக்குச் சாந்தமாகவும் இருப்பதன் ரகசியத்தில் இது ஒரு பங்கு.

இனி, மேலே குறிப்பிட்ட கவனிக்கப்படாத விஷயத்துக்கு வருவோம். ஆவியாகிப் போவதே இத்தைலத்தின் பலம். ஆவியாகிப் போவதே அதன் பலஹீனமும். மூடிய இடத்தில் ஆவி தங்கி வேலை செய்யும். திறந்த வெளியில் காற்றடித்தவுடன் பறந்துவிடும். தைலம் நல்லதா கெட்டதா என்று வாதாடுவோர், எங்கே உபயோகித்தார்கள் என்று கேட்பதேயில்லை.

உலகில் இத்தைலம் நிச்சயமான பலனைத் தந்த இடங்களைப் பார்த்தால் யாவும் மூடிய இடங்களே. தேனீக்களின் மூச்சுக்குழலில் புகுந்து அவற்றை மாய்க்கும் நுண்ணிய உண்ணி ஒன்று 1921-இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அது 1984-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் பரவியபொழுது, தேனீ வளர்ப்போர் கூட்டிற்கு ஐம்பது கிராம் மெந்தாலைப் பொட்டலமாகக் கட்டிச் சில வாரம் வைத்து அதனை அடக்கினர். அங்கும் ஒரு நிபந்தனை இருந்தது: பகல் உஷ்ணம் பாரன்ஹீட் அறுபது பாகைக்கு மேலிருந்தாலன்றி மெந்தால் ஆவியாவதில்லை, குளிர்காலத்தில் வைத்தவர்கள் பலன் காணவில்லை. இரண்டாவது உதாரணம் உருளைக்கிழங்குக் கிடங்கு. கிழங்கு முளைவிடாதிருக்க ஐரோப்பாவில் வெகு காலம் உபயோகித்து வந்த குளோர்புரோபாம் என்னும் ரஸாயனத்துக்கு 2019-இல் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அதன் பின்னர் ஸ்பியர்மின்ட் தைலத்தைச் சூடாக்கிப் புகையாகக் கிடங்கினுள் செலுத்தும் முறை அங்கே பெருகியது. இதில் நமக்கு ஒரு பாடம் மறைந்திருக்கிறது. அதை விதையைப் பற்றிச் சொல்லும்போது எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க அரசாங்கம் 1996-ஆம் ஆண்டில் ஆபத்துக் குறைந்தவையென ஒரு பட்டியல் வகுத்து, அதிலுள்ள பொருள்களைப் பூச்சி மருந்துப் பதிவிலிருந்து விலக்கியது. புதினாத் தைலமும் பெப்பர்மின்ட் தைலமும் அப்பட்டியலில் உள்ளன. இதைக் காட்டி விளம்பரம் செய்யும் வியாபாரிகள் ஒன்றை மறைக்கிறார்கள். அப்பட்டியல் ஆபத்தைப் பற்றியதேயன்றிப் பலனைப் பற்றியதன்று.

திறந்த வெளியில் தெளிப்பதைப் பற்றிச் சில சொற்கள். சென்ற கோடையில் மிராசுதார் ஒருவர் தமது கத்தரித் தோட்டத்தைக் காட்ட எம்மை அழைத்துச் சென்றார். அசுவினிப் பூச்சிக்காக, யாரோ சொல்லக் கேட்டு, புதினாத் தைலத்தை நீரில் கலந்து நடுப்பகலில் தெளித்திருந்தார். தைலம் நீரில் கலவாது மிதக்குமாகையால், தெளிப்பானில் முதலில் வெறும் நீரும் கடைசியில் தனித் தைலமுமாக வந்திருக்கின்றன. கடைசி இரண்டு பாத்திச் செடிகள் இலை கருகி நின்றன. மற்றப் பாத்திகளில் அசுவினி முன்போலவே இருந்தது. மருந்தின்மேல் குறை சொன்ன அவரிடம், முறையில் குறையிருப்பதை எடுத்துச் சொன்னோம். அவர் முழு மனத்தோடு ஒப்பினாரென்று சொல்வதற்கில்லை. சோப்புக் கரைசலில் நன்றாகக் கடைந்து, மிகச் சிறிய அளவில், மாலை வேளையில் பூச்சியின் உடலில் நேரே படும்படி தெளித்தால் அசுவினி, சிலந்திப்பேன் முதலிய மெல்லுடற் பூச்சிகள் சாகும் என்பது உண்மையே. ஆனால் அன்றைக்குப் பட்டது அன்றைக்குத்தான். மறுநாள் பறந்து வரும் பூச்சிக்குத் தடையொன்றும் இராது. தண்டிலும் காயிலும் துளைத்துச் சென்ற புழுவை அது எட்டவே எட்டாது. ஏக்கர் கணக்கில் தெளிக்கும் செலவைக் கணக்கிட்டால், வேப்பங்கொட்டைச் சாறே பன்மடங்கு மேல்.

ஆகவே தைலத்திற்குரிய இடம் களஞ்சியமே. தைலம் எதற்கு, இலையே போதாதா என்று கேட்போருக்கு ஒரு சிறு கணக்கு. நிழலில் உலர்த்திய புதினா இலையில் நூற்றுக்கு ஒரு பங்கு தைலம் இருப்பதாகக் கொள்வோம். பத்து மில்லி தைலத்தின் வேலையைச் செய்ய ஒரு கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு டின் பயற்றில் ஒரு கைப்பிடி இலை போடுவது வண்டைச் சற்றே விலக்குமன்றிக் கொல்லாது. பச்சை இலையாகப் போடுவதோ பெருந்தவறு. அதன் ஈரத்தால் பூஞ்சணம் பூத்து, வண்டு விட்டுவைத்ததையும் கெடுக்கும். இன்னும் சிலர் இலையைத் திறந்த பாத்திரத்தில் காய்ச்சிக் கஷாயமாக்கித் தெளிக்கிறார்கள். காய்ச்சும்பொழுது அடுக்களை முழுதும் மணப்பது எது? பூச்சியைக் கொல்ல வேண்டிய தைலமே அது. பாத்திரத்தில் மிஞ்சுவது நிறமுள்ள நீர்.

களஞ்சியத்தில் தைலத்தை உபயோகிக்க விரும்புவோர் முதலில் சிறு அளவில் சோதித்துப் பார்க்கும்படி யோசனை கூறுகிறோம். பயற்றை முதலில் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் மெல்லிய படலமாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். பல்லில் கடித்தால் வளையாமல் உடைபட வேண்டும்; ஈரம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருத்தலாகாது. கறுப்புத் தரையில் பரப்பி மேலே கண்ணாடிபோன்ற பாலிதீன் தாள் மூடினால் உஷ்ணம் ஐம்பது பாகை சென்டிகிரேடுக்கு மேல் ஏறி, உள்ளிருக்கும் புழுவும் பெரும்பாலும் மடியும். இந்த முதற்படியைத் தவறவிட்டவருக்குத் தைலம் கைகொடுக்காது. ஏனெனில் ஆவி வெளியிலுள்ள வண்டைக் கொல்வது எளிது. முட்டையை அழிப்பது அதனினும் கடினம். பயற்றுக்குள் பதுங்கியிருக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும் அடைவது மிகக் கடினம்.

ஆறிய பயற்றை நான்கு எண்ணெய் டின்களில் கழுத்தளவு நிரப்புக. ஒரு டின்னில் சுமார் பன்னிரண்டு கிலோ கொள்ளும். முதல் டின்னைத் துணிகட்டி மாத்திரம் வைக்கவும். இரண்டாவதைத் தைலமின்றி, காற்றுப் புகாமல் மெழுகோ களிமண்ணோ இட்டு அடைக்கவும். மூன்றாவதில் ஐந்து மில்லியும் நான்காவதில் பத்து மில்லியும் தைலத்தைப் பஞ்சில் ஊற்றி, சிறு துணிப்பையில் கட்டி, பாதியை நடுவிலும் பாதியைத் தானியத்தின் மேற்புறத்திலும் வைத்து அவ்வாறே அடைக்கவும். இவ்வாவி காற்றினும் கனமுள்ளது. மேலிருந்து கீழே இறங்கும். ஆனால் தானியமே அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளுமாகையால் நடுவிலும் வைப்பது நலம். வெறும் ஜாடியில் வண்டைக் கொல்லும் அளவு, தானியம் நிறைந்த ஜாடியில் போதுமானதாவதில்லை என்பது ஆராய்ச்சிச் சாலைகளில் பலமுறை கண்டது. நெல் தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் பங்குனியில் வீடு சேர்வதால், சித்திரை வைகாசி வெப்பம் ஆவி எழுவதற்கு அனுகூலமாகவே இருக்கும்.

நான்கு வாரம் கழித்துத் திறந்து, டின்னுக்கு நூறு பயறு எண்ணி எடுத்து, துளை விழுந்தவற்றைக் கணக்கெடுக்கவும். உள்ளே பிழைத்த புழுக்கள் வண்டாகி வெளிவரும் சமயம் அதுவே. அப்பொழுது புதுத் தைலம் இட்டு மறுபடியும் அடைத்தால் இரண்டாந் தலைமுறை முட்டையிடுமுன் அழியும். இரண்டாவது டின்னும் மூன்றாவது டின்னும் ஒன்றுபோல் இருக்கக் கண்டால் வியப்படைய வேண்டாம். காற்றுப் புகாமல் இறுக அடைப்பதே வண்டுக்குப் பாதி மரணம்; உள்ளிருக்கும் பிராணவாயு தீர்ந்தவுடன் அது பெருகுவது நின்றுவிடுகிறது. ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறு விளைக்கும் குடியானவர் மூன்றடுக்குப் பைகளில் காற்றுப் புகாமல் அடைத்து வைத்து இம்முறையொன்றினாலேயே பயனடைந்து வருகிறார்கள். தைலத்தை விலைகொடுத்து வாங்குமுன் மூடியைச் சரிசெய்வது குடியானவருக்கு லாபம் என்று சொல்ல நாம் கூசவில்லை. அடைப்பு முழுமையாக அமையாத குதிரிலும் பழைய பத்தாயத்திலும்தான் தைலம் மேலதிகமாக உதவுவதற்கு இடமுண்டு. அங்கும் களிமண்ணும் சாணமும் பூசி வெடிப்புகளை அடைத்த பிறகே வைக்க வேண்டும்.

விதைப் பயற்றைப் பற்றி முக்கியமான எச்சரிக்கை. ஸ்பியர்மின்ட் தைலம் உருளைக்கிழங்கின் முளையைக் கருக்குகிறது என்று மேலே குறிப்பால் உணர்த்தினோம். கிழங்கின் முளைக்குச் செய்வதை அது பயற்றின் முளைக்கும் செய்யக்கூடும். மெந்தால், கார்வோன் ஆகிய இரண்டின் ஆவியும் அளவு மிஞ்சினால் விதையின் முளைப்புத் திறனைக் குறைக்கும். வண்டினின்று காப்பாற்றிய விதை வயலில் முளைக்காமற் போனால் குடியானவருக்கு இரட்டை நஷ்டம். ஆதலால் விதைக்கு வைப்பதைச் செம்மண் கட்டியோ, கிலோவுக்கு ஐந்து மில்லி வீதம் கடலெண்ணெய் அல்லது வேப்பெண்ணெய் புரட்டியோ வைப்பதே உத்தமம். எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சுத் திணறச் செய்துவிடும். தைலம் வைத்த விதையே கைவசம் உள்ளதெனில், விதைப்புக்குப் பத்து நாள் முன்னதாக நூறு விதைகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பார்க்கவும். எழுபத்தைந்துக்குக் குறைந்து முளைத்தால் அவ்விதையை நம்ப வேண்டாம். உணவுப் பயற்றுக்கு இக்கவலையில்லை. ஆயினும் விற்குமுன் முறத்தில் புடைத்து, நிழலில் சில நாள் காற்றாட விட வேண்டும். புதினா மணக்கும் உளுந்தை எந்த வியாபாரியும் முழு விலைக்கு எடுக்கமாட்டார்.

தைலம் வாங்கும்பொழுது ஏமாறாதிருக்க இரண்டு சோதனைகள் உள. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைக்கவும். நல்ல தைலம் சுவடின்றிப் பறந்துவிடும், கலப்பெண்ணெய் கறையாகத் தங்கும். ஜப்பான் புதினாத் தைலமாயின் சிறு சீசாவில் ஊற்றிப் பனிக்கட்டியில் வைக்கவும். ஊசி ஊசியாக மெந்தால் உறைய வேண்டும். உறையாவிடில் மெந்தாலைப் பிரித்தெடுத்த மிச்சத் தைலமே நம் கைக்கு வந்திருக்கிறது என்று அறியலாம்.

இயற்கைப் பொருள் என்பதனால் அபாயமற்றது என்று எண்ணலாகாது. புதினாக் குடும்பத்திலேயே பென்னிராயல் என்னும் ஜாதியின் தைலத்திலுள்ள புலெகோன் மனிதரின் ஈரலைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். அதைப் பெயர் கேட்டவுடன் மறுத்துவிட வேண்டும். மெந்தால் மிகுந்த தைலம் கைக்குழந்தையின் மூக்கருகே பட்டால் தொண்டை இறுகி மூச்சு நின்றுபோகக்கூடும். தொட்டில் கட்டிய அறையில் சீசாவையும் வைக்க வேண்டாம், தைலமிட்ட டின்னையும் திறக்க வேண்டாம். கையில் உறை அணிந்து, விளக்கையும் அடுப்பையும் விட்டு விலகி, வாசற்புறத்தில் வைத்துப் பஞ்சில் ஊற்றவும். மெல்லிய பிளாஸ்டிக் பாத்திரத்தைத் தைலம் இளக்குமாதலால் தகரமும் கண்ணாடியுமே ஏற்றவை.

நான்கு டின் சோதனையைத் தனித்தனியே வீடுதோறும் செய்வதைக் காட்டிலும், கிராம அதிகாரிகள் முன்னின்று சாவடியிலோ கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலோ ஒரே இடத்தில் செய்து, நான்காம் வாரத்தில் டின்களை ஊரார் முன்னிலையில் திறந்து பயற்றை எண்ணிக் காட்டுவது சுலபம். பங்குனி அறுவடைக்கு முன்னமே டின்னும் மெழுகும் சேகரித்து வைத்துக்கொள்ளவும்.